ஷெட்டோடு எடுத்துட்டுப் போங்க

கோயமுத்தூர் கணபதியில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா யாரிடமும் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இல்லை" என்றுகூடச் சொல்ல மாட்டார். யார் வந்து எதைக் கேட்டாலும் "அதுக்கென்னுங்க, எடுத்துக்கங்க" என்பதுதான் முதல் வார்த்தை. கேட்டவர் வாயெல்லாம் பல்லாக உள்ளே வருவார். கொஞ்ச நேரத்தில் அதே சிரிப்போடு வெறுங்கையாகத் திரும்பிப் போவார். தெருமுனை தாண்டிய பிறகுதான் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

நான் மதுரைப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஒன்றைக் கொடுக்க மனசில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவோம். கேட்டவரும் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார், இரண்டு பேருக்கும் மனசு லேசாகிவிடும். தொண்ணூறுகளின் நடுவில் இன்சூரன்ஸ் ஆபீஸில் மாற்றலாகிக் கோயமுத்தூருக்கு வந்தபோது, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடும் இந்த ஊர்க்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் எப்படித்தான் மறுப்பார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. வீட்டுக்காரம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பொய் சொல்ல மாட்டார். ஆகவே சாக்குச் சொல்வதற்கு முன்னால் அந்தச் சாக்கை நிஜமாக்கி வைத்துவிடுவார். எதிர்வீட்டுக்காரருக்கு ஏணி இரவல் கொடுத்தால் அது திரும்பி வர மாசக்கணக்காகும். அம்மா என்ன செய்தார், ஒரு மழைக்காலத்தில் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்து முல்லைக்கொடியை அதன்மேல் ஏற்றிவிட்டார். அடுத்த முறை அவர் வந்தபோது, "அங்கதானுங்க இருக்குது, கொடிய மட்டும் அவுத்து வெச்சுப்போட்டு எடுத்துக்கங்க" என்றார். மொட்டும் பூவுமாக நிற்கிற கொடியை யார் பிய்ப்பார்கள்? தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார் மனுஷன்.

நானும் தப்பவில்லை. ஒரு பூனை வளர்க்கலாமா என்று கேட்டேன். "வளர்த்துங்க கண்ணு, இது உங்க ஊடு மாதிரி" என்றார். அடுத்த வாரம் என் ஜன்னலுக்கு நேர் வெளியே லவ் பேர்ட்ஸ் கூண்டு ஒன்று தொங்கியது. பூனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் அப்புறம் பேசவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் குருவிகளுக்குத் தினை வைக்கும் வேலையும் என் தலையில் வந்து விழுந்ததுதான்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் நேர் எதிர். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து பெரிய பதவி வரை உயர்ந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஐயா என்போம். உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. சட்டம் என்றால் அவருக்கு வேதப் புத்தகத்துக்கு அடுத்த படி. சைக்கிளில் டைனமோ விளக்கு இல்லாமல் வருகிற பால்காரரை நிறுத்தி வைத்து வகுப்பெடுப்பார். அவரிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. மலை மேல் தேயிலைத் தோட்டத்தை விட்டுப்போன துரை ஒருவரிடமிருந்து வாங்கியது. இளநீர் வழுக்கை நிறம், இரண்டு பக்கமும் தவளைக் கண் மாதிரி விளக்கு. ஐயா அதைக் கார் என்று சொல்ல மாட்டார். பழைய காலத்து ஆட்கள் மாதிரி பிளஷர் என்பார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிளஷரில்தான் இருவரும் சர்ச்சுக்குப் போவார்கள். சில நாள் பின்சீட்டில் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள், வழியில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட.

ஐயாவுக்குக் கண் நரம்பு காய்ந்துகொண்டு வந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐயா அதைக் கேட்டுக்கொண்டு வந்து, "தூரப் பார்வை நல்லாத்தான் இருக்குது" என்று தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் தபால் பெட்டி ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்தி விடாமல் ஹாரன் அடித்தார். சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் வழிவிடாமல் நிற்கிறானாம். நான் பின்சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "அவரு நகர மாட்டாருங்க, நாமளே சுத்திப் போயிடலாமுங்க" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் அம்மா என் கதவைத் தட்டினார். உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சத்தி ரோட்டில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், ஒரு சின்னப் பிள்ளை ரோட்டின் குறுக்கே ஓடி வந்திருக்கிறது. ஐயா ஹாரனும் அடிக்கவில்லை, பிரேக்கும் போடவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்திருக்கிறார். பிள்ளை கீழே விழுந்த பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. என்ன ஆச்சு, எதுக்குப் பிரேக்கை இழுத்தே என்று ஐயா கேட்டிருக்கிறார். "குறுக்கால ஒண்ணு வந்துதுங்க" என்று மட்டும் சொன்னாராம். அப்போதும் பொய் சொல்லவில்லை.

நேராகச் சொல்லிவிடுங்கள், ஓட்ட வேண்டாம் என்று சொல்ல என்ன தயக்கம் என்று நான் கேட்டேன். எனக்கு அது அத்தனை சுலபமாகத் தெரிந்தது. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிக்கறது போச்சுங்க கண்ணு. பேப்பரு நான் படிச்சுக் காட்டறேன், பைபிளு நான் படிச்சுக் காட்டறேன். இருக்கறது இந்த வண்டி ஒண்ணு. அதையும் என் வாயால புடுங்கோணுமா?" என்றார்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு யாருடைய விஷயமோ மாதிரி ஒரு கேள்வி கேட்டார். ஓடாத வண்டிக்கு எதற்கு முழு இன்சூரன்ஸ்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ரோட்டில் இறங்குகிற வண்டிக்கு, அடுத்தவருக்கு அடிபட்டால் ஈடு கொடுக்கிற இன்சூரன்ஸ் கட்டாயம், அது இல்லாமல் சக்கரம் உருளக் கூடாது. ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு அது வேண்டியதில்லை. தீக்கும் திருட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம், பிரீமியம் குறையும். ஆனால் ஷெட்டை விட்டு நகர்ந்தால் அந்தப் பாலிசி செல்லாது. அதேபோல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியை நிறுத்தி வைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்து ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைத்துவிட்டால் வரியும் இல்லை. எங்கே நிறுத்தியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், கேட்காமல் வெளியே எடுக்கக் கூடாது, எடுத்தால் குற்றம். இதையெல்லாம் அம்மா சமையல் குறிப்புக் கேட்பது போல நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "சட்டமே சொல்லிப்போடுது பாருங்க" என்றார். எனக்கு ஏணியும் முல்லைக்கொடியும் கண் முன்னால் வந்து நின்றன.

ஆனால் நிறுத்தி வைக்க ஒரு காரணம் வேண்டுமே? அதுவும் பொய்யில்லாத காரணம். வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றைப் புதுப்பிக்கிற நேரம் வந்திருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற கிங் பின் தேய்ந்து, ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தது. இப்படிக் கொண்டுபோனால் பிரேக் இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ண மாட்டார் என்று மெக்கானிக் சொன்னார். அம்மா உடனே ஐயாவிடம் போய், போட்டால் சீமை ஒரிஜினல்தான் போட வேண்டும், உங்கள் வண்டிக்குக் கண்டதைப் போட்டால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார். ஐயா குளிர்ந்துபோனார். ஒரிஜினல் என்பது அவருக்கு இன்னொரு வேதம். மெட்ராஸ் கடைக்கும் பம்பாய்க் கடைக்கும் எழுதிப் போட்டோம். எங்கும் இல்லை. அது கிடைக்கிற வரை நிற்கிற வண்டிக்கு வரியும் பிரீமியமும் எதற்கு என்று ஐயாவே கேட்டார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். "மேற்படி வாகனத்தை மறு அறிவிப்பு வரை எவ்வித உபயோகத்துக்கும் உட்படுத்துவதில்லை என உறுதி கூறுகிறேன்" என்று கோர்ட்டு நடையில் நீட்டி முழக்கி, நான் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வண்டி செங்கல் மேல் ஏறி நின்றது. ஐயா தினமும் துடைப்பார், சாயங்காலம் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். அம்மா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார். ஒரு நாள் செங்கல்லை எடுத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே வரை தள்ளிக் கழுவலாமே, அங்கே வெளிச்சம் என்று நான் சொன்னதற்கு, பாலிசி ஷெட்டுக்குள் மட்டும்தான் செல்லும் என்பது இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிற உனக்குத் தெரியாதா என்று ஐயா என்னைக் கடிந்துகொண்டார்.

அம்மாவுக்கு இதில் உபரி லாபமும் இருந்தது. அந்த வண்டியை இரவல் கேட்காத ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. கல்யாணம், ஊர்வலம், காதுகுத்து என்று வந்துகொண்டே இருப்பார்கள். கோபிப் பக்கம் வயல்காட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி ஒன்றிலிருந்துகூட ஒருவர் வந்தார். பழைய காலக் கதையாம், மிராசுதார் இறங்குகிற காட்சிக்கு இந்த வண்டிதான் வேண்டுமாம். அம்மா அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

"அதுக்கென்னுங்க, தாராளமா எடுத்துட்டுப் போங்க. புத்தகம் மட்டும் ஆர்.டி.ஓ. ஆபீசுல இருக்குதுங்க. இன்சூரன்சு இந்த ஷெட்டுக்குள்ள வரைக்கும்தானுங்க. நீங்க ஷெட்டோட எடுத்துட்டுப் போனீங்கன்னா ஒரு தொந்தரவும் இருக்காதுங்க."

அந்த மனிதர் உண்மையாகவே ஷெட்டைச் சுற்றி வந்து பார்த்தார். நாலு கல்தூண், மேலே ஓடு. பிறகு மோருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே சந்தோஷமாகப் போயிருக்கும். அம்மா கணக்கில் விட்டது ஒன்றே ஒன்றுதான். தான் குடியிருப்பது கணபதியில் என்பதை மறந்துவிட்டார்.

கணபதியில் வீட்டுக்கு வீடு லேத்து. தெருவில் நடந்தால் காதில் பாட்டு கேட்காது, இரும்பு கடைகிற சத்தம்தான் கேட்கும். எந்த மெஷினில் எது போனாலும், பழையதைக் கொண்டுபோய்க் காட்டினால் இரண்டு நாளில் புதுசு கடைந்து கொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாமான் கிடைக்காமல் வண்டி நிற்கிறது என்றால் அது ஊருக்கே அவமானம். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் பட்டறை வைத்திருந்தவர் இதை மனசுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறார். நம் தெருவில் ஒரு பெரியவர் வண்டி கிங் பின்னுக்காக வருஷக்கணக்கில் நிற்பதா? மெக்கானிக்கைப் பிடித்துப் பழைய பின்னை வாங்கி, அளவெடுத்து, நல்ல ஸ்டீலில் கடைந்து, பதம் ஏற்றி, ஒரு ஞாயிறு மத்தியானம் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அதன் நடுவில் இரண்டு பின்னையும் பளபளவென்று வைத்துக்கொண்டு வந்துவிட்டார். யாரும் கேட்கவே இல்லை. காசும் வாங்க மாட்டேன் என்றார்.

ஐயா ஒரு பின்னைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். மேலும் கீழும் தடவினார். அப்புறம், "இதுதானுங்க ஒரிஜினல்" என்றார். அம்மா பட்டறைக்காரருக்குக் காபி கொண்டு வந்தார். அந்தக் காபியை அவர் வைத்த விதத்தில் டம்ளரிலிருந்து பாதி தட்டில் சிந்தியது. பட்டறைக்காரர் தன் வாழ்நாளில் அதைவிடச் சந்தோஷமாக இருந்திருக்க மாட்டார்.

மறுநாளே மெக்கானிக் வந்து மாட்டிவிட்டுப் போனார். ஐயா அன்றைக்கே திட்டம் போட்டுவிட்டார். அம்மாவின் தம்பி கோபியில் இருந்தார், அவருடைய மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். பிளஷரில்தான் போகிறோம், அன்னூர், புளியம்பட்டி, சத்தி, கோபி என்று வழியெல்லாம் சொன்னார். நிறுத்தி வைத்ததை ரத்து செய்து புத்தகத்தைத் திரும்ப வாங்க ஒரு கடிதம் டைப் அடி, பாலிசியையும் முழுசாக மாற்று என்று என்னிடம் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

கடிதத்தை டைப் அடித்து எடுத்துக்கொண்டு அங்கே போய் நான் ஒரு யோசனை சொன்னேன். இன்னும் சட்டம் மிச்சம் இருக்கிறது. லைசென்ஸ் விஷயமாக ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு வார்த்தை போட்டால், கண் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். அங்கே அவர்களே முடியாது என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் வாயே திறக்க வேண்டாம். அம்மாவுடைய வழியிலேயே அம்மாவுக்கு யோசனை சொல்லிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எழுத்துப் பலகையக் காட்டி, இது என்ன எழுத்துன்னு பத்துப் பேரு முன்னால வெச்சுக் கேப்பாங்களா கண்ணு?"

"ஆமாம்மா. அப்படித்தான்."

அவர் ரொம்ப நேரம் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தார். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். கையெழுத்துக்காக டைப் அடித்த காகிதத்தோடு நானும் பின்னால் போனேன். ஐயா செங்கல்லை எல்லாம் எடுத்து அடுக்கிவிட்டு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க. நீங்க ஓட்ட வேண்டாமுங்க. உங்களுக்குக் கண்ணு தெரியறதில்லீங்க."

நான் அந்த வீட்டில் இருந்த காலத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு அதுதான். சாக்கும் இல்லை, கொடியும் இல்லை, சட்டமும் இல்லை. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. ஐயா டயரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அன்னைக்குக் குறுக்கால வந்துதுன்னியே, அது என்ன?"

"பள்ளிக்கூடத்துப் புள்ளை ஒண்ணுங்க."

"அடி பட்டுதா?"

"இல்லீங்க. பையத் தூக்கிட்டு ஓடிருச்சுங்க."

ஐயா வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பக்கத்தில் நின்றார். நான் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் பேப்பர் படிக்கிற சத்தம் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு இருவரும் பஸ்ஸில்தான் போனார்கள். ஜன்னல் ஓரம் வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு, எனக்கெதுக்கு ஜன்னல் என்று ஐயா சொன்னாராம். அதைச் சொல்லும்போது அம்மாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கோபியிலிருந்து திரும்பி ஒரு வாரம் கழித்து, ஒரு நாள் காலையில் ஐயா என்னைக் கூப்பிட்டு, அந்த ரத்து செய்கிற கடிதத்தைக் கொண்டு வா, கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கை எடுத்து வைத்தார். குறை தன் கண்ணில்தான், வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றமில்லாததை எதற்கு உள்ளே போட்டு வைக்க வேண்டும்? "அம்மணி, நீ ஓட்டு" என்றார்.

அறுபது வயதில் என்னுங்க இது என்று அம்மா சிரித்தார். ஆனால் கணவர் கேட்டதை மறுக்க முன்கூட்டியே எதையும் ஏற்பாடு செய்து வைத்திருக்கவில்லை. இருந்த ஒரு மறுப்பையும் செலவழித்துவிட்டார். மறு மாசம் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒருவர் பள்ளிக்கூட மைதானத்தில் அவருக்குக் கிளட்சும் கியரும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவே வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. புத்தகம் திரும்பி வந்தது, எஃப்.சி. ஆனது, பாலிசியை முழுசாக நானே போட்டேன்.

எல் போர்டு மாட்டியாயிற்று. இனி ரோட்டுக்கு வர வேண்டும். பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும், வேண்டியபோது வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாத்தியாரையே கூட்டிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். ஐயா சட்டைப் பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்து என் முன்னால் நீட்டினார். அடுத்த வருஷம் வரை செல்லும். ஹேண்ட் பிரேக் என் கைக்கு எட்டும், சட்டத்தில் வேறென்ன கேட்கிறது என்றார். இன்சூரன்ஸ் ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவள் நான். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பேசாமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகிற நேரம். அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. ஐயா நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னால பஸ்ஸு நிக்குதுங்க."

"தெரியுது. மெதுவாப் போ."

"எடது கைப் பக்கம் பால்காரரு சைக்கிளுங்க."

"பாத்துட்டேன்."

சத்தி ரோட்டில் திரும்பினோம். அம்மா வேகத்தை இன்னும் குறைத்தார்.

"புள்ளைங்க ரெண்டு பேரு ரோட்டத் தாண்டறாங்க."

ஐயாவின் கை ஹேண்ட் பிரேக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அம்மா வண்டியை முழுசாக நிறுத்திவிட்டார், ஆனாலும் அந்தக் கை அதை விடவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

"தாண்டிப்போட்டாங்க" என்றார் அம்மா.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தானுங்க."

"செரி, இப்பப் போ" என்றார் ஐயா.